பூஜ்யம் வாங்கிய மெழுகுவர்த்தி

போன மாதம் ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மெழுகு வாசனை. 'கரண்ட் போயிருக்கு போல' என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபேனை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பட்டப்பகல் பதினோரு மணி. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தாம்பாளம், அது நிறைய மஞ்சள் கரைத்த தண்ணீர், நடுவே மூன்று மெழுகுவர்த்திகள். பக்கத்தில் அக்கா ஊறுகாய் போட எடுத்து வைத்திருந்த கண்ணாடி பாட்டில். இத்தனைக்கும் நடுவில் உம்மென்று அக்கா மகள்.

"என்னம்மா, யாருக்குப் பொறந்தநாள்?"

"காமெடி பண்ணாதீங்க மாமா. சயின்ஸ் ஒர்க்‌ஷீட்ல எனக்கு ஜீரோ."

நன்றாகப் படிக்கிற பெண். ஒன்பதாம் வகுப்பு. அவள் அப்பாவுக்கு நாலு வருஷத்தில் மூன்று டிரான்ஸ்ஃபர். ஒவ்வொரு ஊரிலும் அட்மிஷனுக்கு அலைந்து, யூனிஃபார்ம் மாற்றி, ஃபிரெண்ட்ஸைப் பிரிந்து அழுது… போதும் சாமி என்று ஓர் ஆன்லைன் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். முறையான பள்ளிதான். லேப்டாப்பைத் திறந்தால் வகுப்பு, மூடினால் வீடு. ஃபீஸ் மட்டும் கட்டடம் உள்ள பள்ளிக்குச் சமமாக இருக்கிறது. அந்த பில்லில் 'லேபரேட்டரி' என்று ஒரு வரிகூட உண்டு. லேப் எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டதற்கு, "வீடியோவில் இருக்கிறது மேடம்" என்றார்களாம்.

விஷயம் இதுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் மெழுகுவர்த்தியை நிறுத்திக் கொளுத்தி, மேலே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். நீங்களும் நானும் படித்ததுதான். இதற்கு வகுப்பில் ஒரு வீடியோ, வீடியோவுக்குப் பின்னால் ஒர்க்‌ஷீட். மேலே கொட்டை எழுத்தில் 'செய்து பார்த்து எழுதுக'. முதல் கேள்வி: பாத்திரத்தில் எவ்வளவு பங்குக்குத் தண்ணீர் ஏறியது? இரண்டாவது கேள்வி: இதிலிருந்து காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு பங்கு என்று தெரிகிறது?

இந்தப் பெண், பாவம், செய்து பார்த்து எழுதிவிட்டாள்.

20 சென்டிமீட்டர் பாட்டில். ஒரு மெழுகுவர்த்தி வைத்தபோது 2 சென்டிமீட்டர் ஏறியது. பத்தில் ஒரு பங்கு என்று கட்டத்தில் நிரப்பினாள். கம்ப்யூட்டர் எதிர்பார்த்தது ஐந்தில் ஒரு பங்கு. சிவப்பு எக்ஸ். இரண்டாவது கேள்விக்கும் சிவப்பு எக்ஸ். ஐந்துக்கு சைபர்!

"செஞ்சே பார்க்காதவங்க எல்லாருக்கும் ஃபுல் மார்க் மாமா. வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதிட்டாங்க. செஞ்சு பார்த்தது நான் ஒருத்திதான்."

அதனால்தான் மூன்று மெழுகுவர்த்தி வைத்து மறுபடி பார்க்கிறாள். ஏறாமல் விட்ட தண்ணீரை ஏற்றிக் காட்டிவிட வேண்டும் என்று வெறி.

*

நான் பி.காம். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு கணக்குத் தீர்ந்தது. ஆனால் சினிமா, புத்தகம், டி.வி. என்று கண்டதையும் பார்த்துக் குறை சொல்லியே பிழைப்பு நடத்துகிறவன். "அந்த வீடியோவைப் போடு, பார்க்கலாம்" என்றேன்.

எட்டு நிமிஷப் படம். குறை சொல்ல முடியாத தயாரிப்பு. பின்னணியில் லேசாகக் கிடார். அழகான குரலில், அவசரப்படாத விளக்கம். காற்று என்றால் சிவப்பு உருண்டைகள், நீல உருண்டைகள். நீலம் ஆக்ஸிஜன். சுடர் எரிய எரிய நீல உருண்டைகள் ஒவ்வொன்றாக மறைய, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் ஏறி, ஐந்தில் ஒரு பங்கு என்று போட்ட கோட்டில் மில்லிமீட்டர் பிசகாமல் வந்து நிற்கிறது. டைட்டில் கார்டு: காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன். சுபம்.

எனக்கே பளிச்சென்று புரிந்தது. பி.காம். படித்தவனுக்கு எட்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது என்றால் அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இப்ப பாருங்க மாமா" என்று மூன்று மெழுகுவர்த்தியையும் கொளுத்தி பாட்டிலைக் கவிழ்த்தாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். 5 சென்டிமீட்டர்! அதாவது நாலில் ஒரு பங்கு.

"ஒண்ணு வெச்சா காத்துல பத்து பர்சென்ட் ஆக்ஸிஜன். மூணு வெச்சா இருபத்தஞ்சு பர்சென்ட். அரை மணி நேரத்துல ஓசூர் காத்து அவ்வளவு மாறிடுமா?"

மாறாது. சுத்தமான கேள்வி. அதே பாட்டில், அதே காற்று. ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், எத்தனை மெழுகுவர்த்தி வைத்தாலும் ஒரே உயரம்தானே ஏற வேண்டும்?

இன்னும் இரண்டு தடவை செய்தோம். இந்தத் தடவை அவள் ஸ்கேலைப் பார்க்கவில்லை. போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, பாட்டிலைக் கவிழ்க்கிற அந்த நொடியில் விளிம்பிலிருந்து குபுகுபுவென்று காற்றுக் குமிழிகள் வெளியே வருகின்றன. இரண்டு, சுடர் எரிகிறவரை தண்ணீர் பெரிதாக ஏறவில்லை. சுடர் அணைந்த பிறகுதான் 'விசுக்'கென்று ஏறுகிறது.

வீடியோவில் இந்த இரண்டுமே கிடையாது. உருண்டைகள் மறைய மறைய, தண்ணீர் கட்டுப்பாடாக ஏறும்.

உண்மைக் காரணம், விஷயம் தெரிந்தவர்கள் பல காலமாகச் சொல்லிவருவதுதான். சுடரின் சூட்டில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. விரிந்ததில் ஒரு பகுதி குமிழியாக வெளியே ஓடிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கின இடத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், வெளியே ஓடின காற்று அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். ஆக்ஸிஜன் மாயமாக மறைவதில்லை. கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் உருமாறுகிறது. அதுவும் முழுசாகத் தீர்வதில்லை, தீருவதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது.

அப்புறம் எப்படிச் சில பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்காக வருகிறது? இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். அக்கவுன்டன்ஸியில் இதற்குப் பெயர் ஈடுசெய் பிழை. ஒரு பக்கம் நூறு ரூபாய் தப்பு, இன்னொரு பக்கம் அதே நூறு ரூபாய்க்கு வேறொரு தப்பு. ட்ரையல் பேலன்ஸ் ஜம்மென்று டேலி ஆகிவிடும். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று நினைக்கிறவன் ஆடிட்டரிடம் மாட்டுவான் என்று எங்கள் புரொபசர் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இந்த மெழுகுவர்த்தி 21 சதவிகிதம் அப்படி டேலி ஆன கணக்கு. 2,000 வருஷத்துக்கு முன்பே ஃபைலோ என்ற கிரேக்கர் இந்தச் சோதனையை எழுதிவைத்திருக்கிறார். அவர் சொன்ன காரணமும் தப்புதான். ஆனால் அவர் யாருக்கும் சைபர் போடவில்லை.

*

இங்கேதான் நான் நிதானமாக இருக்க வேண்டும். 'பார்த்தீங்களா, அதுக்குத்தான் சொல்றது, நேர்ல வாத்தியார் இருந்து சொல்லிக் கொடுக்கிற மாதிரி வருமா?' என்று பெருமூச்சு விட்டு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். 2020-ல் ஊரடங்கு வந்து, கல்வித் தொலைக்காட்சி முன்னாலும், பகிர்ந்துகொண்ட ஒற்றை செல்போன் முன்னாலும் நம் பிள்ளைகள் உட்கார்ந்ததிலிருந்து இந்தப் பெருமூச்சு ஓயவில்லை. அதில் நியாயமும் உண்டு.

ஆனால் எனக்கு நேர்லயே சொல்லிக் கொடுத்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? எங்கள் சயின்ஸ் சார் இதே சோதனையை வகுப்பில் செய்தார். தண்ணீர் ஏறவில்லை. தம்ளர் விளிம்பில் எங்கோ நசுங்கல். இரண்டாவது தடவையும் ஏறவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிஷம். "சரி, ஏறினதா வெச்சுக்குங்க. எழுதிக்குங்க… ஐந்தில் ஒரு பங்கு" என்றார். அறுபது பேரும் எழுதிக்கொண்டோம். தண்ணீர் ஏறாததைக் கண்ணால் பார்த்த அறுபது பேர்!

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்த என் நண்பர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். பிராக்டிகலில் பெண்டுலம் ஆட்டினால் விடை 980-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் பெண்டுலத்தை மறுபடி ஆட்டுவது கிடையாது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவது. ரெகார்ட் நோட்டில் சிவப்பு டிக் நிச்சயம். எங்கள் குரூப்பில் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் கள்ளக் கணக்கு. அவர்கள் குரூப்பில் அதற்கு 'செய்முறை' என்று பெயர்.

ஆக, வியாதி பழசு. ஆன்லைன் பள்ளி அதற்கு எச்.டி. பிரின்ட் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் சாருக்குத் தம்ளர் ஒத்துழைக்கவில்லை. ஏறாத தண்ணீரை நாங்கள் பார்த்துத் தொலைத்தோம். வீடியோவில் தண்ணீர் எப்போதும் ஏறும். எந்தப் பிள்ளையும், 'சார், ஏறலையே!' என்று சொல்ல வழியே இல்லை.

*

தூரத்திலிருந்து சயின்ஸ் சொல்லிக் கொடுக்கவே முடியாதா? முடியும். முடிந்திருக்கிறது. அதில் மிகப் பெரிய வெற்றிக் கதை 200 வருஷத்துக்கு முந்தையது.

லண்டனில் ஒரு கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் தொழில் பழகுகிற பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களில் ஒன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதி 1806-ல் வெளிவந்த 'கெமிஸ்ட்ரி பற்றிய உரையாடல்கள்'. முதல் பதிப்புகளில் ஆசிரியர் பெயர்கூடக் கிடையாது. பையன் அதைப் படித்தான். படித்ததோடு நிற்காமல், கைக்கு அகப்பட்ட சாமான்களை வைத்து, புத்தகம் சொல்வது நிஜம்தானா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். நிஜம்தான் என்று தெரிந்த பிறகே நம்பினான். அந்தப் பையன் மைக்கேல் ஃபாரடே. இன்று உங்கள் வீட்டில் ஓடுகிற மோட்டாருக்கும், கரண்ட் தயாரிக்கிற ஜெனரேட்டருக்கும் மூல புருஷர். பெரிய ஆளான பிறகும் அந்த அம்மாளைத் தன் முதல் ஆசிரியை என்றே கருதி, தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பி வைத்தவர். பிற்பாடு ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பிள்ளைகளுக்கு என்று ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். எதைப் பற்றித் தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி! 1861-ல் அது புத்தகமாக வந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது.

டீச்சரை நேரில் பார்க்காமலேயே படித்த பையன் ஃபாரடே. எப்படி முடிந்தது? அந்தப் புத்தகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு டீச்சர் அம்மா, இரண்டு மாணவிகள். மாணவிகள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள். நடுவில் குறுக்கிடுவார்கள், சந்தேகப்படுவார்கள், தப்பாகப் புரிந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். படிக்கிறவன் மனசிலும் அதே தப்பு இருக்கும். அது அங்கே வெளியே வந்து, அடிபட்டு, சரியாகும். அப்புறம் இவன் கையில் நிஜச் சாமான் இருக்கிறது. புத்தகம் சொன்னது பொய்யென்றால் சாமான் காட்டிக் கொடுத்துவிடும்.

இது பழங்கதை இல்லை என்று சொல்ல இன்னொருவர் இருக்கிறார். யூடியூபில் 'வெரிடாசியம்' சேனல் நடத்துகிற டெரெக் முல்லர். அவர் 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியதே, பிஸிக்ஸ் வீடியோ எப்படி இருந்தால் மண்டையில் ஏறும் என்ற ஆராய்ச்சிக்குத்தான். ஒரு பிரிவுக்குத் தெளிவான, குழப்பமே இல்லாத விளக்க வீடியோ. இன்னொரு பிரிவுக்கு, முதலில் மாணவர்களின் தப்பான எண்ணங்களைச் சொல்லி, அப்புறம் அவை ஏன் தப்பு என்று வாதாடுகிற வீடியோ. முதல் வீடியோ பார்த்தவர்கள் 'ரொம்பத் தெளிவு' என்று பாராட்டினார்கள். பரீட்சை வைத்தால் மார்க் ஏறவே இல்லை. ஏறியது எது என்றால், தங்கள் தப்பான பதில்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை! இரண்டாவது வீடியோவை 'குழப்பமா இருக்கு' என்றார்கள். ஆனால் அவர்கள்தான் கற்றுக்கொண்டார்கள்.

எட்டு நிமிஷ வீடியோ எனக்குப் பளிச்சென்று 'புரிந்த' ரகசியம் இதுதான். என் பழைய தப்பைத் தொந்தரவே செய்யாமல், மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விட்டது.

*

"அப்ப கம்ப்யூட்டரே வேண்டாம்கறீங்களா?" என்று சிலர் கிளம்புவீர்கள். இல்லை. நல்ல உதாரணம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

2001-ல் பிஸிக்ஸ் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் கார்ல் வீமன். அடுத்த வருஷமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். திரையில் விளையாடுகிற மாதிரி சோதனைகள், இலவசம். தமிழிலும் சில கிடைக்கின்றன. அதில் மின்சுற்றுப் பெட்டி ஒன்று உண்டு. பேட்டரி, பல்பு, ஒயர் எடுத்து நாமே இணைக்கலாம். தப்பாக இணைத்தால் பல்பு எரியாது. ஷார்ட் சர்க்யூட் செய்தால் பேட்டரி தீப்பிடிக்கும், திரையில்தான்! 2005-ல் வெளியான ஒரு ஆய்வில், நிஜ ஒயரும் பல்பும் வைத்துப் படித்த கல்லூரி மாணவர்களைவிட, இதில் படித்தவர்கள் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நிஜச் சாமானைக் கொடுத்து சுற்று அமைக்கச் சொன்னபோதும் இவர்களே தேவலை.

எனக்கு இது ஆச்சரியம்தான். 'கையால் தொட்டால்தான் விஞ்ஞானம்' என்று மேஜையைக் குத்திப் பேசத் தயாராக இருந்தேன், கொலராடோக்காரர்கள் காலை வாரிவிட்டார்கள். யோசித்தால் காரணம் புரிகிறது. அந்தத் திரை, வீடியோ மாதிரி ஓடிப் போவதில்லை. பிள்ளை தப்புச் செய்ய விடுகிறது. தப்புக்குப் பதில் சொல்கிறது. நிஜ ஒயரில் பார்க்க முடியாத எலெக்ட்ரான் ஓட்டத்தையும் கண்ணில் காட்டுகிறது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. திரைக்குள் இருக்கிற உலகத்துக்கு, புரோகிராம் எழுதியவருக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும். மெழுகுவர்த்திப் பாடத்தை எழுதியவர் குமிழியை மறந்துவிட்டார் என்றால், அந்தத் திரையில் ஜென்மத்துக்கும் குமிழி வராது. தாம்பாளத்துத் தண்ணீர் யாரைக் கேட்டுக்கொண்டு குமிழி விட்டது?

அதனால்தான் தூரத்துப் பள்ளிகளில் புத்திசாலிகள், பாடத்தோடு சாமானையும் சேர்த்து அனுப்பினார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் பாடம் தொடங்கியபோதே, சயின்ஸ் மாணவர்கள் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாக ரசாயனம், கண்ணாடிக் குழாய், கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப் எல்லாம் போய்ச் சேர்ந்தன. சமையலறை மேஜையே லேப். பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டே, கேனரி தீவில் இருக்கும் லிவர்பூல் டெலஸ்கோப்பை நட்சத்திரம் பார்த்துத் தரச் சொல்லி இன்டர்நெட்டில் கேட்கிறார்கள். 2 மீட்டர் கண்ணாடி உள்ள நிஜ டெலஸ்கோப். அங்கே மேகம் வந்துவிட்டால் படம் வராது, காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பும் பாடம்தான் என்பேன்.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பாடப் புத்தகத்தில் விடை இருக்காது. சோதனையும் கேள்வியும்தான் இருக்கும், விடையைப் பிள்ளைகளே செய்து கண்டுபிடிக்க வேண்டும். சாமான்கள் எல்லாம் சல்லிசானவை. அதோடு 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை ஆசாமி. பிள்ளைகள் மனசில் தோன்றுகிற கேள்வியை எல்லாம் அவருக்குத் தபாலில் எழுதலாம். பதில் வரும். இன்டர்நெட் இல்லாத காலத்துத் தொலைதூர சயின்ஸ் டீச்சர்! 30 வருஷம் நடந்த அந்தத் திட்டத்தை 2002-ல் அரசாங்கமே நிறுத்திவிட்டது. அது வேறு வயிற்றெரிச்சல், இன்னொரு வாரம் பேசலாம்.

*

ஆன்லைன் பள்ளி இனிமேல் எங்கும் போகப் போவதில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் 1997-லேயே தொடங்கிவிட்டது. 2006-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமே ஓர் ஆன்லைன் உயர்நிலைப் பள்ளி ஆரம்பித்தது. இங்கே தேசியத் திறந்தநிலைப் பள்ளி 2021-ல் மெய்நிகர் பள்ளி என்று தொடங்கியது. டிரான்ஸ்ஃபர் அப்பாக்கள் இருக்கிறவரை, உடம்பு முடியாமல் படுத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறவரை, பக்கத்தில் நல்ல பள்ளி இல்லாத ஊர்கள் இருக்கிறவரை இது வேண்டியும் இருக்கிறது. குளோரின் வாயுவையும் கதிரியக்கத்தையும் சாப்பாட்டு மேஜையில் செய்து பார்க்கவும் முடியாது. அதற்கெல்லாம் வீடியோ தெய்வம்.

நான் கேட்பது சின்ன விஷயம். 'செய்து பார்த்து எழுதுக' என்று போட்டால், செய்து பார்த்து எழுதினதை ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஒன்று என்று எழுதினால் சரி, இரண்டு என்று எழுதினால் தப்பு' என்று முடிவெடுத்துவிட்ட கட்டத்துக்கு அந்தத் தலைப்புப் பொருந்தாது. 'வீடியோவைப் பார்த்து எழுதுக' என்று போடுங்கள், நேர்மையாக இருக்கும். அந்த லேபரேட்டரி ஃபீஸில் வருஷத்துக்கு ஒரு பார்சல் அனுப்புங்கள். இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு காந்தம், ஒயர், டார்ச் பல்பு, ஒரு லென்ஸ். கூரியர் செலவு சேர்த்தாலும் உங்களுக்கு லாபம்தான் மிஞ்சும், கணக்கு போட்டுத்தான் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சடித்து விடுங்கள்.

ஏனென்றால் இதில் போவது ஐந்து மார்க் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதினால் சைபர், பார்க்காததை எழுதினால் ஃபுல் மார்க் என்று பதினாலு வயசில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் போதும். அப்புறம் அது ஆயுசுக்கும் மறக்காது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் லேப் ரிப்போர்ட் எழுதுகிற இடத்திலோ, பாலத்துக்குக் கான்கிரீட் சோதிக்கிற இடத்திலோ உட்காரும்போதும் மறக்காது. எதிர்பார்த்த நம்பரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

*

செவ்வாய்க்கிழமை லைவ் வகுப்பு. நான் கேமராவில் விழாத மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். பெண் கையைத் தூக்கினாள். "மேம், மெழுகுவர்த்தி ஒர்க்‌ஷீட்ல ஒரு டவுட்" என்று ஆரம்பித்து, ஒன்று, மூன்று, குமிழி, 'விசுக்' எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"லேப்டாப்பைத் திருப்பு. எனக்குச் செஞ்சு காட்டு" என்றார் டீச்சர்.

செய்தாள். குமிழி வந்தது. டீச்சர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் வந்தது. இதற்குள் வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு பையன், "மேம், எங்க வீட்லயும் மெழுகுவர்த்தி இருக்கு" என்று எழுந்து ஓடினான். இன்னொரு பெண் பூஜை அறையிலிருந்து அகல் விளக்கைத் தூக்கி வந்தாள். அவள் பாட்டி பின்னாலேயே வந்து திட்டுவது மைக்கில் கேட்டது. பத்து நிமிஷத்தில் திரையில் ஆறு சின்னக் கட்டங்களில் ஆறு சுடர். ஒரு கட்டத்தில் மட்டும் தண்ணீர் ஏறவே இல்லை. "ஏன் ஏறலைன்னு யாராவது சொல்லுங்க" என்றார் டீச்சர். எல்லோரும் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்து கத்தினார்கள்.

நான் பார்த்த நல்ல சயின்ஸ் வகுப்புகளில் அது ஒன்று. ஆன்லைன்தான்.

முடிக்கும்போது டீச்சர் சொன்னார். "இத்தனை வருஷமா நானும் அப்படியேதான் சொல்லிக் கொடுத்திருக்கேன். உன்னோட மார்க்கை நான் மாத்த முடியாதும்மா, எனக்கு அதுல ஆப்ஷன் இல்ல. மெயில் போடறேன்."

இதை எழுதுகிறவரை அந்த மெயிலுக்குப் பதில் வரவில்லை. ரிப்போர்ட் கார்டில் சைபர் அப்படியே இருக்கிறது. பெண் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. பாட்டிலை ஐஸ் தண்ணீரில் கழுவிவிட்டுச் செய்தால் எவ்வளவு ஏறும் என்று போனில் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? "செஞ்சு பாரு" என்றேன்.

பின்னாலிருந்து அக்கா குரல்: "டேய், நீ ஏத்திவிட்டுட்டுப் போயிட்டே. ஊறுகாய் பாட்டில் பூரா மெழுகு. இதை யாருடா கழுவறது?"